சபை கூடுகிறது, பேச்சு எப்போது தொடங்கும்?

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை அதிகாலையில் கடப்பவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில், சாப்பாட்டுப் பையுடன் பெண்கள் சிறு சிறு கூட்டமாக நிற்பார்கள். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளின் வேன்களும் பேருந்துகளும் வந்து அவர்களை ஏற்றிச் செல்லும். இருட்டும் நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து விடும். இந்த இரண்டு பயணங்களுக்கும் இடைப்பட்ட பகல் பொழுதில்தான் இவ்வூர்களில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள், திட்டமிடல் கூட்டங்கள், விழிப்புணர்வு முகாம்கள் எல்லாம் நடக்கின்றன. சமூகப் பணியில் இருப்பவன் என்ற முறையில் அப்படிப்பட்ட கூட்டங்கள் பலவற்றை நானே நடத்தியிருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளுக்குக் குறைவிருக்காது. ஓய்வுபெற்றவர்கள், வேலை தேடும் இளைஞர்கள் சிலர், சுய உதவிக் குழுப் பொறுப்பாளர்கள், வார்டு உறுப்பினர், அவருடைய உறவினர்கள். வட்டாரத்தின் குடும்ப வருமானத்தைத் தாங்கிப் பிடிக்கும் பெண்கள் அந்நேரம் ஆம்பூரில் ஷூவுக்கு ‘அப்பர்’ தைத்துக்கொண்டிருப்பார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் ஏற்பட்ட பாதிப்பு குறித்த வழக்கில், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு விரிவான தீர்ப்பை வழங்கியது. இழப்பீடு கிடைக்காமல் இருப்பவர்களுக்கு அரசே அதைக் கொடுத்துவிட்டு, பின்னர் மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். கெட்டுப்போன சூழல் சீராகும்வரை அவர்களுடைய பொறுப்பு தொடரும் என்று நீதிமன்றம் கூறியது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. அந்தக் குழுவில் அரசுத் துறைச் செயலர்கள், சூழலியல் வல்லுநர்களோடு பாதிக்கப்பட்ட சமூகங்களின் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும் என்றது.

என் கவனம் அந்தக் கடைசிச் சொல்லில் நிற்கிறது. ‘பிரதிநிதி’ என்பவர் யார்? அவரை யார் தேர்ந்தெடுப்பது? ஊருக்குள் ஒருவரோடொருவர் உட்கார்ந்து பேசாத நிலையில், அவர் யாருடைய கருத்தை எடுத்துச் செல்வார்?

தனித்தனி மனுதாரர்கள்

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு அளித்த தீர்ப்பு, சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிறது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும் இந்திய மண்ணின் சட்டமாக ஏற்கப்பட்டது அந்தத் தீர்ப்பில்தான். வேலூரிலிருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி, தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்பதையும் அது பதிவுசெய்தது.

அந்தத் தீர்ப்பின் வழியே அமைக்கப்பட்ட சூழல் இழப்பு ஆணையம், 2001 மார்ச்சில் 186 கிராமங்களைச் சேர்ந்த 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாக அடையாளம் கண்டது. 547 தோல் தொழிற்சாலைகளிடமிருந்து ஏறத்தாழ ரூ.26.82 கோடியை வசூலித்து அவர்களுக்கு வழங்க வேண்டும் என்றது. வகுத்துப் பார்த்தால், ஒருவருக்குச் சராசரியாக ரூ.9,200-ஐக்கூட எட்டாத தொகை.

தொகை குறைவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்த நடைமுறை மக்களை எந்த வடிவில் பார்த்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாக, தம் பெயரோடும் நிலத்தின் பரப்போடும் பட்டியலில் ஏறினார்கள். தனிமனித இழப்பை அளக்க அதுதான் வழி. நீதிமன்றத்தைக் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால், ஓர் ஊர்க் கிணறு உப்பாகிப் போனால் இழப்பு அந்தக் கிணற்றின் சொந்தக்காரரோடு முடிவதில்லை. அந்தத் தண்ணீரில் மாடு குளிப்பாட்டியவர், துணி துவைத்தவர், அந்த வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர் என்று அது விரிகிறது. ‘உப்புத் தண்ணி ஊருக்குப் பொண்ணு கொடுக்க மாட்டோம்’ என்று சம்பந்தம் பேச வந்தவர்கள் எழுந்துபோன கதைகளை ஆற்றோரத்து ஊர்களில் கேட்டிருக்கிறேன். இதற்கெல்லாம் சர்வே எண் கிடையாது. ஊராகக் கூடிப் பேசினால்தான் இந்தக் கணக்கு வெளியே வரும்.

ஒரே வீட்டில் இரு தரப்பு

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிகொண்டாவுக்கு அருகே பாலாற்றோரத்துக் கிராமம் ஒன்றில், தொண்டு நிறுவனம் ஒன்றுக்காக மக்கள் பங்கேற்புத் திட்டமிடல் கூட்டம் நடத்தினேன். பள்ளிக்கூட வளாகம், காலை பதினொரு மணி. ‘இந்த ஊருக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டேன். பத்து நிமிடங்களில் பட்டியல் வந்துவிட்டது: சிமென்ட் சாலை, சமுதாயக் கூடம், உயர்கோபுர மின்விளக்கு, நாடக மேடைக்குக் கூரை. பெரிய தாளில் வண்ணப் பேனாவால் எழுதிச் சுவரில் ஒட்டினேன், படமும் எடுத்துக்கொண்டேன். ஆற்றைப் பற்றியோ, கிணற்றைப் பற்றியோ, டேனரியைப் பற்றியோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, அதுவரை பேசாமல் இருந்த முதியவர் ஒருவர் தன் கிணற்றைக் காட்ட அழைத்துச் சென்றார். தண்ணீர் பழுப்பாக இருந்தது. ‘இதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே?’ என்றேன். ‘எப்படி சார் சொல்றது? என் மருமக அங்கதான வேலைக்குப் போவுது’ என்றார். சற்று நடந்த பிறகு, ‘எழுதிக்கினு போறீங்க, திரும்பி வருவீங்களா?’ என்று கேட்டார்.

பாலாற்றுப் பிரச்சினையின் முடிச்சு அவருடைய முதல் பதிலில் இருக்கிறது. செய்தித்தாள்களில் நாம் ‘விவசாயிகள்’ ஒருபுறம், ‘தொழிற்சாலைகள்’ மறுபுறம் என்று எழுதுகிறோம். களத்தில் ஒரே வீட்டுக்குள் மாமனாரின் கிணறு கெட்டிருக்கிறது. மருமகளின் சம்பளத்தில் அடுப்பு எரிகிறது. தோலைப் பதனிடும் டேனரி வேறு, பதனிட்ட தோலைத் தைக்கும் ஷூ கம்பெனி வேறு. முதலாவதன் கழிவு அதிகம். இரண்டாவதில் பெண்களுக்கு வேலை அதிகம். டேனரியைப் பற்றிப் பேசினால் கம்பெனிக்கு ஆபத்து வந்துவிடும் என்ற அச்சத்தில் பலர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணி வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த அச்சத்தில் கொஞ்சம் உண்மையும் உண்டு. தோல் நின்றால் தையலும் தடுமாறும். எவ்வளவு உண்மை, எவ்வளவு அச்சம் என்று பிரித்துப் பார்க்கும் இடம் ஊரில் எதுவும் இல்லை.

அடுத்த அமர்வை ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வைத்தோம். பெண்கள் தனியாக, ஆண்கள் தனியாக, காலனியைச் சேர்ந்தவர்கள் அவர்கள் தெருவிலேயே முதலில் பேசிய பிறகு எல்லோரும் ஓரிடத்தில் கூடுவது என்று ஏற்பாடு. மருமகள்கள் வந்தார்கள். கோலப்பொடியால் ஊரின் படத்தைத் தரையில் வரைந்தபோது, ஆண்கள் வரைந்த படத்தில் இல்லாத ஓர் இடத்தை அவர்கள் முதலில் குறித்தார்கள்: நெடுஞ்சாலையில் வேன் நிற்கும் இடம். அங்கே விளக்கு இல்லை, கழிப்பறை இல்லை, இருட்டில் சாலையைக் கடக்க வேண்டும். அதன் பிறகுதான் கிணறுகளுக்கு வந்தார்கள். எது குடிக்க ஆகும், எது துவைக்க மட்டும் ஆகும், எது எதற்கும் ஆகாது என்று புளியங்கொட்டைகளை வைத்துக் காட்டினார்கள். ‘டேனரியை மூடச் சொல்லலை. தண்ணிய என்னா பண்ணப் போறாங்கன்னு சொல்லச் சொல்றோம்’ என்றார் ஒரு பெண். காலையில் நான் ஒட்டிய பட்டியலில் இதற்கு இடமே இருந்திருக்கவில்லை.

நாற்காலியும் தீர்மானப் புத்தகமும்

இவற்றையெல்லாம் பேசத்தான் கிராம சபை இருக்கிறதே என்று கேட்கலாம். 73-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவையும் பின்னர் சேர்ந்து, ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும் என்றாகியிருக்கிறது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால், ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? பழைய நான்கு நாட்களும் சட்டப்படி தொழிற்சாலைகளுக்கு விடுமுறை நாட்கள். புதிய இரண்டும் அப்படியல்ல. தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கென்றே வைத்த நாளில், தண்ணீரால் மிகவும் அல்லல்படும் பெண்கள் தோல் வட்டாரத்தில் வேலைக்குப் போயிருப்பார்கள். யாரும் திட்டமிட்டு ஒதுக்கவில்லை. கேட்காமல் வைத்ததால் வந்த விளைவு.

கூட்டத்தின் நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று குறைந்தபட்ச வருகை வகுக்கப்பட்டிருக்கிறது. மேலிருந்து வரும் பொதுவான கூட்டப் பொருள்களை ஊராட்சிச் செயலர் படிப்பார். வரவு செலவு, நூறு நாள் வேலை, கொசு ஒழிப்பு, பிளாஸ்டிக் தடை. மேசைக்கு அப்பால் நாற்காலியில் தலைவரும் பற்றாளரும்; இந்தப் பக்கம் தரையில் அல்லது பந்தல் ஓரத்தில் மக்கள். சிலர் எழுந்து மனுவாகப் பேசுவார்கள். சில ஊர்களில் சண்டையாகவும் முடியும். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துகள் ஏறும். இருநூறு பேர் ஒரே நேரத்தில் ஒலிபெருக்கி முன் உரையாடுவது மனித இயல்புக்கே ஒவ்வாத காரியம் என்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். குரல் வலுத்தவர் பேசுவார், மற்றவர்கள் பார்வையாளர்கள்.

நம்முடைய பொதுவாழ்வில் மனு ஒரு மொழியாகவே ஆகிவிட்டது. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் நாளில் நீளும் வரிசையைப் பாருங்கள். மனுவில் நான் கேட்பவன், நீங்கள் கொடுப்பவர். என் கோரிக்கை பக்கத்து வீட்டுக்காரரின் கோரிக்கையோடு மோதுகிறதா என்று நான் பார்க்க வேண்டியதில்லை. திட்டமிடலில் அது முடியாது. பணம் ஒன்று, தேவை பத்து. எதை முதலில், எதை ஒத்திப்போடுவது என்று அக்கம்பக்கத்தாரோடு பேசித் தீர வேண்டும். மனுவுக்குப் பழகிய ஊரைத் திட்டத்துக்குப் பழக்க நடுவில் ஓர் ஆள் வேண்டும். அவரைத்தான் உரையாடல் நெறியாளர் என்கிறோம். நம் சட்டங்களில் தலைவருக்கு இடம் இருக்கிறது, செயலருக்கு, பற்றாளருக்கு, தணிக்கையாளருக்கு இடம் இருக்கிறது. நெறியாளருக்கு இல்லை.

பள்ளிகொண்டாவின் நிலை இன்னும் விநோதமானது. அது பேரூராட்சி, எனவே கிராம சபையே கிடையாது. உத்தர ரங்கநாதர் கோயில் மதிலையும் நெடுஞ்சாலையையும் தாண்டிப் போனால் நெல் வயலும் தென்னந்தோப்புமாக இருக்கும் வட்டாரம்தான். 2004-இல் தமிழ்நாட்டின் 561 பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006-இல் மறுபடி பேரூராட்சிகளாகவே ஆக்கப்பட்ட வரலாறு நமக்குத் தெரியும். எந்தப் பெயர்ப் பலகையின் கீழ் எவ்வளவு நிதி வரும் என்ற கணக்கே அந்த மாற்றங்களில் முன்னின்றது. மக்கள் கூடிப் பேசும் உரிமை பெயர்ப் பலகையோடு வந்து போவதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நகர்ப்புறங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-இல்தான் வந்தன. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், சில வயல்கள் தள்ளி வேறொரு சட்டம் என்று இருக்கலாம். நிலத்தடி நீருக்கு அந்த எல்லை தெரியாது.

வட ஆர்க்காடு கற்றுக்கொடுத்த பாடம்

உலகெங்கும் சமூகப் பணி மாணவர்கள் படிக்கும் பங்கேற்பு முறைகளுக்கும் இந்த மாவட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. 1970-களின் தொடக்கத்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பி.எச்.ஃபார்மர் தலைமையில் பசுமைப் புரட்சியின் விளைவுகளை ஆராய வந்த குழு, அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் 12 கிராமங்களை எடுத்துக்கொண்டு வேலை செய்தது. அந்தக் குழுவில் இருந்தவர் ராபர்ட் சேம்பர்ஸ். 1983-இல் வெளியான தம் நூலில், கிராமங்களை ஆராயப் போகும் அதிகாரிகளும் அறிஞர்களும் எதைப் பார்க்கத் தவறுகிறார்கள் என்று அவர் எழுதினார். தார்ச்சாலை ஓரத்து ஊர்களையே பார்க்கிறார்கள், மழைக்காலத்தில் வருவதில்லை, ஆண்களிடமும் வசதியானவர்களிடமும் மட்டும் பேசுகிறார்கள், சங்கடமான கேள்விகளை மரியாதை கருதித் தவிர்க்கிறார்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளிகொண்டாவில் கூட்டம் போட்டுவிட்டு, உள்ளே ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்குப் போகாமல் திரும்பிய நாட்களில் அவர் எனக்கு நினைவுக்கு வருவார்.

1980-களின் இறுதியில் பி.ஆர்.ஏ. என்ற பெயரில் பரவிய பங்கேற்பு மதிப்பீட்டு முறை, கர்நாடகத்தின் மைராடா போன்ற அமைப்புகளின் களப்பணியில் வளர்ந்தது. தரையில் வரைபடம், கொட்டைகளை வைத்து வரிசைப்படுத்தல், ஊரைச் சுற்றி நடத்தல் எல்லாம் எழுத்தறியாதவரும் சமமாகப் பங்கேற்கக் கண்ட வழிகள். பின்னர் அதுவே சடங்காகிப் போனது. திட்ட அறிக்கையின் பின்னிணைப்பில் ஒட்ட ஒரு கோலப் புகைப்படம் தேவை. அதற்காக ஓர் அரை நாள். 2001-இல் பில் குக்கும் உமா கோத்தாரியும் தொகுத்த நூல் ஒன்று, பங்கேற்பே புதிய கொடுங்கோலாக மாறிவிட்டதா என்று தலைப்பிலேயே கேட்டது. நிதி கொடுப்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊர் மக்கள் ஊகித்து, அதையே ‘தேவை’ என்று சொல்லிவிடுவதைப் பற்றிய விமர்சனம் அதில் உண்டு. நாடக மேடைக் கூரை எழுதப்பட்ட என் தாளும் அந்த வகைதான். நிறுவனம் கட்டடங்களுக்குத்தான் பணம் தரும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

பாலாறு ஒருமுறை பேசியது

இந்த வட்டாரத்தில் முறையான உரையாடலே நடந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. 2000-களின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ்.ஜனகராஜன் முன்னெடுப்பில், பாலாற்றுப் படுகையின் பல தரப்பினரையும் ஓரிடத்தில் உட்காரவைக்கும் முயற்சி நடந்தது. விவசாயிகள், தோல் தொழில் முனைவோர், அரசு அதிகாரிகள், தொண்டு அமைப்பினர் எனப் பலரும் அதில் பங்கேற்றார்கள். தரப்பினர் அடங்கிய குழு ஒன்றும் அமைந்தது. நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவருவது எளிதல்ல. நீர் மாசு மட்டுமல்லாமல் மணல் கொள்ளை, நகரங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவது ஆகியவையும் பேச்சில் இடம்பெற்றன. 2003-இல் தமிழக, கர்நாடக விவசாயிகளை இணைத்த ‘காவிரிக் குடும்பம்’ முயற்சியிலும் அதே நிறுவனத்துக்கும் ஜனகராஜனுக்கும் பெரும் பங்கு உண்டு.

அந்த உரையாடலுக்குச் சட்ட அடிப்படை இல்லை. அங்கே எட்டிய முடிவை எந்த அதிகாரியும் நிறைவேற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிதியும் ஆளும் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர்வத்தைச் சார்ந்திருந்தன. உரையாடலை ஒரு திட்டக் காலத்துக்குள் அடைத்தால், காலம் முடிந்ததும் மேசையும் எடுக்கப்பட்டுவிடும். இதை ஜனகராஜனின் குறையாகப் பார்க்கக் கூடாது. அரசு தொடர்ந்து எடுத்துச் சென்றிருக்க வேண்டிய வேலை அது.

கேரளம் எடுத்துச் சென்றது. 1996 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது பரவலாகப் பேசப்படுகிறது. அதே அளவு பேசப்பட வேண்டியது இன்னொன்று. கிராம சபையில் பொது உரை முடிந்ததும், கூட்டம் வேளாண்மை, குடிநீர், கல்வி, பெண்கள் நலம் என்று பொருள்வாரியாகச் சிறு குழுக்களாகப் பிரியும். ஒவ்வொரு குழுவிலும் பயிற்சி பெற்ற நெறியாளர் ஒருவர் கேள்விகளோடு உட்காருவார். இதற்காக மாநில அளவிலிருந்து ஊர் அளவு வரை பெரும் எண்ணிக்கையில் ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள், இளைஞர்கள் பயிற்றுவிக்கப்பட்டார்கள். அந்த இயக்கமும் பின்னாளில் உற்சாகம் இழந்தது உண்மை. என்றாலும், பெரிய கூட்டத்தை இருபது முப்பது பேர் கொண்ட வட்டங்களாகப் பிரிப்பது என்ற எளிய காரியத்தை அவர்கள் செய்து காட்டினார்கள்.

என்ன செய்யலாம்?

நண்பர் ஒருவர், பாலாற்றுக்காக நெடுங்காலம் போராடியவர், இந்த யோசனையைக் கேட்டதும் கோபப்பட்டார். ‘கெடுத்தவனும் கெட்டுப்போனவனும் ஒரே பாயில் உட்கார்ந்து சமாதானம் பேச வேண்டுமா? முப்பது வருடம் வழக்கு நடத்தியது இதற்கா?’ அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. வலியவரும் எளியவரும் உட்காரும் மேசையில், நெறியாளர் கவனமாக இல்லையென்றால், உரையாடல் என்பது குற்றத்தைக் கரைக்கும் வழியாகிவிடும். அதனால் எல்லை தெளிவாக இருக்க வேண்டும். யார் பொறுப்பு, யார் பணம் கட்டுவது என்பவை தீர்ப்பில் முடிந்துபோனவை. அவை பேச்சுக்கு உரியவை அல்ல. மீட்பு எந்த ஊரில், எந்த வரிசையில், எப்படி நடக்க வேண்டும் என்பதே பேச வேண்டியது. கழிவுநீரை வெளியே விடாத முறை வந்த பிறகும், சுத்திகரிப்பில் எஞ்சும் உப்பை எங்கே வைப்பது என்ற கேள்வி நிற்கிறது. ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். உப்பு, கழிவுச் சேறு, புதிய குடிநீர்க் குழாய், மாற்றுப் பயிர் ஆகியவற்றை வல்லுநர்கள் மட்டும் முடிவுசெய்தால், பக்கத்து ஊரின் மேல் இன்னொரு சுமை ஏறும்.

ஆணையம் அடையாளம் கண்டவை 186 கிராமங்கள். ஊருக்கு மூன்று அமர்வுகள் என்று வைத்துக்கொண்டால் 558 அமர்வுகள். இருவர் கொண்ட 20 குழுக்கள் வாரத்துக்கு ஓர் அமர்வு நடத்தினாலும் ஏழு மாதங்களுக்குள் முடிந்துவிடும். தேவை நாற்பது பேர். சமூகப் பணித் துறைகள் உள்ள கல்லூரிகள் இங்கே இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ரூசா அமைப்பு 1977 முதல் பக்கத்துக் கே.வி.குப்பம் ஒன்றியத்தில் மக்களோடு வேலை செய்துவருகிறது. ஊர்க் கூட்டம் நடத்தத் தெரிந்த களப்பணியாளர்களுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. அவர்களுடைய ஊதியம் தொழிற்சாலைச் சங்கங்களிடமிருந்தோ, ஊரில் வேலை வாங்கித் தரும் துறையிடமிருந்தோ நேரடியாக வரக் கூடாது. நீதிபதியின் குழு வழியாக வர வேண்டும்.

முதல் அமர்வு பிரிந்து பேசுவதற்கு. நேரத்தை ஊரே குறிக்கட்டும். கோயில் மண்டபத்தில் கூட்டம் என்றால் காலனியிலிருந்து வருபவர் ஓரத்தில்தான் நிற்பார். உருது பேசும் பெண்களுக்கு அவர்கள் மொழியில் பேச ஆள் வேண்டும். இரண்டாவது அமர்வுக்கு முன் நீர் மாதிரிகள் ஊரார் கண்முன் எடுக்கப்பட்டு, முடிவுகள் எளிய தமிழில் சுவரில் எழுதப்பட வேண்டும். இரு தரப்பும் ஏற்கும் எண்கள் இல்லாத இடத்தில் பேச்சு வசவாகத்தான் முடியும். மாதிரி எடுக்கும்போது இரு தரப்பும் பக்கத்தில் நின்றால், பிறகு எண்ணை மறுப்பது கடினம். குழுவுக்கு அனுப்பும் பிரதிநிதியை ஊர் அந்த அமர்வில் தேர்ந்தெடுக்கலாம். இருவர், அவர்களில் ஒருவர் கம்பெனிக்குப் போகும் பெண்ணாக இருந்தால் நல்லது. மூன்றாவது அமர்வு பதிலுக்காக. ஏற்றது எது, ஏற்காதது எது, ஏன் என்பதை அதிகாரி ஒருவர் நேரில் வந்து சொல்ல வேண்டும். நான் நடத்திய கூட்டங்களில் மக்கள் அதிகம் நம்பிக்கை இழந்தது கோரிக்கை மறுக்கப்பட்டதால் அல்ல. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்கூட வராததால்.

என்னிடம் கேள்வி கேட்ட முதியவருக்கு நானும் அதைத்தான் செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மூன்றாவது அமர்வுக்கு நாள் குறித்திருந்தோம். அதற்குள் நிறுவனத்தின் திட்டக் காலம் முடிந்துவிட்டது. என்னை வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். தரையில் வரைந்த கோலப் படத்தைப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண் தன் கணக்கு நோட்டில் நகலெடுத்திருந்தாள். வேன் நிற்கும் இடத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி, கெட்டுப்போன கிணறுகளுக்குக் கறுப்புப் புள்ளிகள். அடுத்த கூட்டத்துக்கு எடுத்துவருகிறேன் என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.